வீட்டு வேலையை நாமே செய்யலாம், ஆனால் எதுவரை?

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. அதற்கு முந்திய வருடம் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாவை எட்டிய காலம் அது. மேசன் கூலியும் கூடவே ஏறியது. மாதச் சம்பளத்தில் வாழும் என்னைப் போன்றவர்கள் வீட்டில் எது பழுதானாலும், "இதற்கு எதற்கு ஆள், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லப் பழகியது அப்போதுதான்.

அது கெட்ட பழக்கம் அல்ல. குழாய்க்கு வொஷர் மாற்றினேன். பாத்றூம் டைல்ஸ் இடுக்குகளை நானே அடைத்தேன். ஒரு பெருநாளைக்கு முன்னர் வீடு முழுவதும் நானே பெயின்ட் அடித்தேன். பல ஆயிரம் ரூபா மிச்சமானது. அந்தத் தைரியத்தில்தான் நான் தொடக்கூடாத ஒரு வேலையையும் தொட்டேன். அதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எமது ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இதே வேலை இன்றும் நடப்பதால் எழுதுகிறேன்.

நான் பூசி மறைத்தது

எங்கள் ஊர் கல்முனைப் பக்கம், கடலோரம். நான் இருப்பது எங்கள் கலியாணத்துக்காக மாமனார் 1994இல் கட்டிய கொங்கிறீட் ஸ்லெப் வீடு. அந்தக் காலத்தில் கடற்கரை மணலை அள்ளிக் கட்டுவதைப் பலர் ஒரு பிழையாகவே நினைக்கவில்லை. 2004 சுனாமியில் எங்கள் வீட்டுக்குள் கடல் தண்ணீர் ஜன்னல் மட்டம் வரை நின்றது. வீடு விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கழுவி, பூசி, பெயின்ட் அடித்து மீண்டும் குடியேறினோம். பிறகு வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்பக்க அறைக்கு மாறினோம்.

2022இல் மகளின் படுக்கை அறை ஸ்லெப்பின் அடிப்பக்கத்தில் நேர்கோடாக ஒரு வெடிப்பு தெரிந்தது. அதையொட்டி மண்ணிறத்தில் ஒரு கறை. ஓரத்தில் உள்ளங்கை அளவு துண்டொன்று கழன்று விழுந்தும் இருந்தது. மேசனைக் கூப்பிடக் கையில் காசு இல்லை. கால் பை சீமெந்தை மணலுடன் குழைத்து, ஸ்டூலில் ஏறி நின்று பூசினேன். காய்ந்ததும் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மேசன் செய்த வேலை மாதிரி இருக்கிறது என்றார்கள்.

2024 மாரி காலம். ஒரு பகல் மூன்று வயதுப் பேரன் அந்த அறைக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். இடையில் விழித்து அழுதவனை மகள் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். அடுப்படிக்குப் போய்ச் சேரும் முன்னரே பின்னால் சத்தம். ஸ்லெப்பின் அடியிலிருந்து பெரிய துண்டொன்று பெயர்ந்து பிள்ளையின் தலையணைக்கு மேல் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன், ஐந்து கிலோவுக்குக் குறையாது. அதன் ஒரு பக்கத்தில் நான் அடித்த வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருந்தது.

அந்த வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு என் சகோதரியின் மகன் வந்தான். அவன் கட்டிடப் பொறியியலாளன். சுத்தியலின் கைப்பிடியால் ஸ்லெப்பைத் தட்டிக்கொண்டே போனான். சில இடங்களில் டக் டக் என்று கெட்டியான சத்தம், சில இடங்களில் வெறும் பானையைத் தட்டுவது போன்ற சத்தம்.

"மாமா, இதைப் பூசினது ஆரு?"

"நான்தான்."

"நல்லாத்தான் பூசி இருக்கீங்க. அதனாலதான் ரெண்டு வருசமா ஒருத்தருக்கும் உள்ளுக்கு நடக்கிறது தெரியல்ல."

கொங்கிறீட்டுக்குள் என்ன நடக்கிறது?

அவன் எனக்கு விளங்கப்படுத்தியதை என் மொழியில் சொல்கிறேன். கொங்கிறீட் பாரத்தின் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்குவதற்குத்தான் உள்ளே கம்பி போடுகிறோம். சீமெந்து கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும் வரை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும், கறள் பிடிக்காது.

அந்தப் படலத்தை உடைப்பதில் உப்புக்கு நிகரானது இல்லை. கழுவாத கடல் மணல், உவர்க் கிணற்றுத் தண்ணீர், கடற்காற்று ஆகிய மூன்றின் வழியாகவும் உப்பு உள்ளே போகிறது. அதோடு மேலே தண்ணீர்த் தாங்கியோ பாத்றூமோ கசிந்தால் ஈரமும் சேர்ந்துவிடும். பிறகு கம்பி கறள் பிடிக்கத் தொடங்குகிறது.

கறள், அது உருவான இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கொங்கிறீட்டுக்குள் அதற்கு இடம் இல்லை. எனவே கம்பி போகும் கோட்டிலேயே கொங்கிறீட்டை வெடிக்க வைத்துக் கீழே தள்ளுகிறது. நான் பார்த்த நேர்கோட்டு வெடிப்பும் மண்ணிறக் கறையும் அதுதான். நான் வெளியே சாந்து பூசினேன், உள்ளே கறள் தன் வேலையைத் தொடர்ந்தது. என் பூச்சு செய்த ஒரே காரியம், வீட்டாரை எச்சரித்துக்கொண்டிருந்த அடையாளத்தை மறைத்தது.

சரியான திருத்தம் வேறு. ஸ்லெப்புக்கு முட்டுக் கொடுத்து, தளர்ந்த கொங்கிறீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை உடைத்து எடுக்க வேண்டும். கம்பியின் கறளைச் சுரண்டி, மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, கறள் தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென்றுள்ள திருத்தக் கலவையால் நிரப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும். இது ஸ்டூலில் ஏறி நின்று செய்யும் வேலை அல்ல.

வெடிப்பை எப்படிப் பார்ப்பது?

எல்லா வெடிப்புக்கும் பயப்படத் தேவையில்லை. சுவர்ப் பூச்சில் மயிர் அளவில், வலை போல் பரவும் கோடுகள் பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தவை. அடைத்துப் பெயின்ட் அடிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஸ்லெப், பீம், தூண் இவற்றில் கம்பி போகும் நேர்கோட்டில் வரும் வெடிப்பு, குறிப்பாக மண்ணிறக் கறையோடு வந்தால். இரண்டு, ஜன்னல் அல்லது கதவு மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி ஏறும் வெடிப்பு. இது அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். மூன்று, நாளுக்கு நாள் வளரும் வெடிப்பு. வளர்கிறதா என்று அறிய ஒரு பென்சில் போதும். வெடிப்பின் இரு முனைகளிலும் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். சில வாரம் கழித்து வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் பூசாமல் ஆளைக் கூப்பிடுங்கள். ஆள் வரும் வரை அதன் கீழிருந்து கட்டிலையும் தொட்டிலையும் நகர்த்திவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

எது நம் கைக்கு?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு வேலை பிழைத்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்பேன். அசிங்கமாகத் தெரியும், கொஞ்சம் காசு வீணாகும், திரும்பச் செய்யலாம் என்றால் அது என் கைக்கு. பிழைத்தால் ஆள் போகும் என்றால் அது அறிந்தவர் கைக்கு.

அந்தக் கணக்கின்படி நாம் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. பெயின்ட் அடிப்பது, வொஷர் மாற்றுவது, கொமட் தொட்டியின் மிதவையைச் சரிசெய்வது, கதவுப் பிணைச்சலை இறுக்குவது, டைல்ஸ் இடுக்கை அடைப்பது. எங்கோ தண்ணீர் கசிகிறது என்று சந்தேகமா? இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இலக்கம் மாறியிருந்தால் கசிவு மீற்றருக்கு உள்ளே, உங்கள் பக்கத்தில்தான். கூரைப் பீலியைத் துப்புரவாக்குவதும் நம் வேலையே. இலை அடைத்த பீலியில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும், கீழே முற்றத்தைக் கூட்டி மட்டும் பயனில்லை.

ஆனால் பீலிக்கு ஏறும்போது அஸ்பெஸ்டஸ் சீற் மீது கால் வைக்காதீர்கள். பழைய சீற் மனிதப் பாரத்தைத் தாங்காது. அதைக் கிரைண்டரால் வெட்டுவதும், காய்ந்த பாசியைச் சுரண்டுவதும் கூடாது. அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கின்றன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அந்த நோய் வெளிப்படப் பல பத்து ஆண்டுகள் எடுக்கலாம் என்பதால்தான் நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கரண்ட் வேலை

என் கணக்கில் நான் தொடாத முதல் வேலை இது. பல்ப் மாற்றலாம். புது லைன் இழுப்பது, வோட்டர் மோட்டாருக்கும் பாத்றூம் ஹீட்டருக்கும் கரண்ட் கொடுப்பது எல்லாம் தகைமை உள்ள இலெக்ட்ரீஷியனின் வேலை. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்படத் தேவையில்லை.

வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ஒரு வேலை மட்டும் இதில் உண்டு. உங்கள் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருக்கும். அதில் "T" என்றோ "Test" என்றோ குறித்த ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது உயிரைக் காக்காது, மாற்ற வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச் செய்வது எளிமையான ஒரு கணக்கு. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. இடையில் ஒரு பிள்ளையின் உடல் வழியாகக் கொஞ்சம் நிலத்துக்குப் போனால் இரண்டும் சமனாகாது. வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டும் முன்னரோ எட்டியவுடனோ கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும். பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்ன பிரேக்கர்கள் வயரைக் காப்பவை, ஆளைக் காப்பவை அல்ல.

மழை நாளில் ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக லைன் கொடுக்கும் பழக்கம் எமது ஊர்களில் இருக்கிறது. ட்ரிப் விழுவது, எங்கோ கரண்ட் கசிகிறது என்று அது சொல்லும் செய்தி. கசிவைத் தேடாமல் சுவிட்சை நீக்குவதும், நான் ஸ்லெப்பைப் பூசியதும் ஒரே வேலைதான்.

மேல்மாடிக்காகக் காத்திருக்கும் கம்பிகள்

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத முக்கிய காரணமான விடயத்துக்கு வருகிறேன். கிழக்கில் எந்த முஸ்லிம் ஊரிலும் மொட்டை மாடியில் ஏறிச் சுற்றிப் பாருங்கள். வீட்டுக்கு வீடு தூண்களின் தலையில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டி நிற்கும். அவை அடுத்த மகளுக்காக விட்டுவைத்தவை. நிலம் இல்லை, இருக்கும் நிலத்துக்கும் விலை எட்டாது. மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாத நிலையையும் நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். எனவே மேலே கட்டுகிறோம்.

என் இளைய மகளுக்கும் அதுதான் திட்டம். பேச்சு முடிந்து, கலியாணத்துக்கு ஒரு வருடம் என்று தவணையும் சொல்லியாயிற்று. பிளான் எதுவும் இல்லாமல் மேசன் ஒருவரைப் பிடித்து, நானும் மச்சானும் கூட நின்று செலவைக் குறைப்பதாக இருந்தோம். அந்தத் துண்டு விழுந்திராவிட்டால் 2025இல் அதே ஸ்லெப்பின் மேல் சுவர் எழும்பியிருக்கும்.

மருமகன் போட்ட கணக்கைப் பாருங்கள். 600 சதுர அடிக்கு 5 அங்குல ஸ்லெப் என்றால் 250 கன அடி, அதாவது சுமார் 7 கன மீற்றர் கொங்கிறீட். ஒரு கன மீற்றர் சுமார் 2,400 கிலோ. எனவே புதிதாகப் போடும் ஸ்லெப் மட்டும் 17 தொன். சுவர், டைல்ஸ், தளபாடம் எல்லாம் அதற்கு மேல். 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் இன்னும் ஒரு தொன். இவ்வளவும் இறங்குவது மாமனார் ஒரு மாடிக்கென்று போட்ட அத்திவாரத்தின் மீது, நிலத்தடித் தண்ணீர் உயர்ந்து நிற்கும் மணல் தரையில்.

அவன் தூணோரம் ஒரு குழி தோண்டச் சொன்னான். அத்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்தான். மேலே போய், 30 வருடம் கடற்காற்றில் நின்ற கம்பியை வயர் பிரஷால் சுரண்டிக் காட்டினான். விரல் மொத்தமாகத் தெரிந்தது, கறள் உதிர்ந்த பின் பென்சில் மொத்தம்கூட இல்லை. "இதுக்கு மேல ஒரு கல்லும் வைக்க ஏலா மாமா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான்.

மேல்மாடி கட்ட நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பரிசோதனைதான். இரண்டாவது, உள்ளூராட்சி மன்றத்தில் பிளானுக்கு அனுமதி. கீழ் வீட்டுக்கு எடுத்த அனுமதி மேல்மாடிக்குச் செல்லாது. அனுமதி என்பது கட்டணம் கட்டும் ஒரு தொல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உங்கள் கட்டிடத்தைத் தகைமை உள்ள ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்க அது ஒரு வாய்ப்பு. புதிதாகக் கட்டுபவர்கள் கம்பியை நீட்டி விடுவதென்றால், அதைச் சீமெந்துக் கரைசல் பூசி, மெலிந்த கொங்கிறீட்டால் மூடி விடுங்கள். தேவைப்படும் நாளில் உடைத்துக்கொள்ளலாம்.

மேசன் செய்யும் வேலையில் நமது பங்கு

கட்டுமானத்தை அறிந்தவர் கையில் கொடுத்தால் நமக்கு வேலை இல்லை என்று அர்த்தமல்ல. ஸ்லெப் போடும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

தண்ணீர் முதலாவது. ஒரு பை சீமெந்துக்குச் சுமார் 25 லீற்றர் போதும், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். கலவை இலகுவாக ஓட வேண்டும் என்று வாளி வாளியாக ஊற்றுவார்கள். மிஞ்சிய தண்ணீர் காய்ந்ததும் உள்ளே துளைகளாக நிற்கும், அந்த வழியாகத்தான் உப்பும் ஈரமும் போகும். குடிக்க முடியாத உவர்த் தண்ணீரைக் கலவைக்கு எடுக்கவே கூடாது. மணல் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

அடுத்தது கம்பிக்குக் கீழ் விடும் இடைவெளி. ஸ்லெப்பில் குறைந்தது ஒரு அங்குலம், கடலோர ஊர்களில் அதைவிடக் கூட வேண்டும். அளவை பொறியியலாளர் சொல்வார். அதற்குச் சீமெந்துக் கட்டைகளை முன்கூட்டியே வார்த்து வைத்துக் கம்பியின் அடியில் கொடுக்க வேண்டும். எங்கள் பழைய ஸ்லெப்பை உடைத்தபோது சில இடங்களில் கம்பி பலகையிலேயே படுத்திருந்த அடையாளம் தெரிந்தது. கொங்கிறீட் அதை ஒருநாளும் மூடியிருக்கவில்லை, பூச்சு மட்டுமே மூடியிருந்தது.

மூன்றாவது, முழுக்க முழுக்க நமது கைக்குரிய வேலை. கொங்கிறீட் வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினை புரிந்து இறுகுகிறது. குறைந்தது ஏழு நாள் அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். மேசன் மறுநாள் வேறு வேலைக்குப் போய்விடுவார். எமது வெயிலில் காலையில் ஒரு தடவை ஊற்றினால் லுஹருக்கு முன் காய்ந்துவிடும். சுற்றி வரம்பு கட்டித் தண்ணீர் தேக்குங்கள், அல்லது சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள். முட்டுகளை அவசரப்பட்டுக் கழற்ற விடாதீர்கள். பலகைக்காரர் வாடகைக் கணக்குச் சொல்லுவார், பொறியியலாளர் சொன்ன நாள் வரை அவை நிற்கட்டும். கொங்கிறீட்டின் பலத்தை 28 நாளில்தான் அளப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பள்ளிவாசல்கள் செய்யக்கூடியது

எமது ஊர்களில் பொறியியலாளர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் குறைவில்லை. ஆனால் ஒரு ஏழை வீட்டுக்காரர் அவர்களிடம் போகக் கூச்சப்படுகிறார். பள்ளிவாசல் நிருவாகங்கள் தமது மஹல்லாவில் உள்ள இத்தகையவர்களின் பட்டியலொன்றை வைத்து, மாதம் ஒரு நாள் மட்டும், கேட்டவர்களின் வீட்டைப் போய்ப் பார்த்து ஆலோசனை சொல்ல ஏற்பாடு செய்யலாம். சகாத் நிதியில் கட்டிக் கொடுக்கும் வீடுகளையும் அவர்கள் பார்வையிட்டால், கொடுக்கும் வீடு முப்பது வருடத்தில் பிள்ளைகளின் தலையில் விழாது.

இளைய மகளின் கலியாணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மேல்மாடி இல்லை, பின்வளவில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடொன்றைத்தான் கட்ட முடியும், அதற்கும் தவணை பிந்தும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சொன்னேன். ஒரு மாதம் அவர்களிடமிருந்து ஒரு கோலும் வரவில்லை. மனைவி சாப்பிடாமல் இருந்த நாட்கள் அவை. பிறகு ஒரு அஸருக்குப் பின் மாப்பிள்ளையின் வாப்பா தனியாக வந்தார். தூணோரக் குழியை எட்டிப் பார்த்தார். படியேறி மேலே போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கையில் ஒட்டிய கறளைத் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தவர் கலியாணத்தைப் பற்றி எதுவும் கதைக்கவில்லை.

"என்ட வீட்டு மேலயும் இப்படித்தான் கம்பி நிக்கிது. உங்கட மருமகன ஒருக்கா அனுப்பி வையுங்க" என்றார்.

பின்வளவு வீட்டுக்கு அத்திவாரம் போட்ட அன்று அவரும் வந்து நின்றார். ஸ்லெப்புக்கு ஏழு நாளும் தண்ணீர் ஊற்றியது நான்தான்.